மஞ்சள் கரை போட்ட செடி

"அதுக்கு ஒண்ணும் வேண்டாம், கேட்டியா. வெயில் வேண்டாம், வெள்ளமும் எப்பவாவது ஒரு டம்ளர் விட்டாப் போறும். யாரும் எட்டிப் பார்க்காட்டாலும் சாகாது" என்று சொல்லிவிட்டு என் கணவர் கப்பலேறினார். கப்பலில் ஒயர்லெஸ் உத்தியோகம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கேயோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய மருள் செடியை மட்டாஞ்சேரி வீட்டு நடையில் வைத்துவிட்டுப் போனார். கத்தி மாதிரி நிமிர்ந்த இலைகள், ஓரத்தில் மஞ்சள் கரை.

எதிரே மிளகுக் கிடங்கின் சுவர். அந்த நடையில் பகலிலேயே விளக்கு வேண்டும். செடி என்னவோ ஜம்மென்றுதான் நின்றது.

மழை பிடித்ததும் அவரிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோயிற்று. கடல் ரொம்ப மோசம் என்று வைப்பின் தீவிலிருந்து படகில் வரும் காய்கறிக்காரி சொல்லிவிட்டுப் போனாள். அவள் வாயை என்ன செய்வது? அன்றைக்குத்தான் பார்த்தேன், ஓர் இலை சாய்ந்திருந்தது.

அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றிவிட்டது. செடிக்கும் மனுஷருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள், புருஷனைக் கப்பலில் அனுப்பிவிட்டு இருந்து பார்க்கட்டும். தண்ணீர் போதாமல்தான் வாடுகிறது என்று நினைத்தேன். மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்ததும் ஒரு டம்ளர் ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற இலைகள் துவண்டன. இன்னும் பயந்தேன், இன்னும் ஊற்றினேன். மாமியாரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு நடுக்கம்.

ஒரு நாள் மத்தியானம்வரை பொறுக்க முடியாமல் காலையிலேயே டம்ளரோடு போனேன். அங்கே மாமியார் நிற்கிறார், கையில் செம்பு. துளசிக்கு விட்டு மிஞ்சிய ஜலத்தைப் பிள்ளை பெயரைச் சொல்லிச் செடிக்கு விட்டுக்கொண்டிருந்தார். தினமும் இது நடந்திருக்கிறது.

"நீயுமா, குழந்தே?" என்றார்.

பின்னாலிருந்து மாமனார் குரல் கேட்டது. சகுனம், அசட்டு நம்பிக்கை என்று எங்களை வாய் ஓயாமல் பரிகாசம் செய்கிற மனுஷர்.

"சாயங்காலம் நானும் விடறதுண்டு" என்றார்.

நான் இலையைத் தொட்டேன். அடியோடு கையில் வந்துவிட்டது. வேரெல்லாம் அழுகி நாற்றம். மாமியார் செம்பைத் தூரக் கொண்டுபோய் வைத்தார். மாமனார் கத்தியை எடுத்து வந்தார். கெட்டியாக இருந்த ஒரே ஓர் இலைத்துண்டை அறுத்துக் அதே தொட்டியில் காய்ந்த மணல் போட்டு நட்டார். இனி யாரும் கிட்டப் போகக்கூடாது என்றார்.

பயந்துகொண்டு தண்ணீர் ஊற்றுவதாவது ஒரு வேலை. பயந்துகொண்டு சும்மா இருப்பது இருக்கிறதே, அது கொடுமை. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் மூவரும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிடுவோம். ஒருவர் நடைப்பக்கம் போனால் மற்ற இருவரும் கூடவே போய் நின்றோம், கையில் செம்பு இருக்கிறதா என்று பார்க்க.

மழையெல்லாம் ஓய்ந்து வெகுநாள் கழித்து மணலிலிருந்து ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. வெறும் பச்சை, பழைய மஞ்சள் கரை இல்லை. அதைத் தொட்டுப் பார்க்கவும் எங்களுக்குத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் வந்தார். இளைத்துக் கறுத்திருந்தார். எந்திரம் பழுதாகி தபால்கூட இல்லாத ஏதோ கரையில் கிடந்தார்களாம், பெட்டியை இறக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். பிறகு தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"என்ன இது, இத்தனூண்டு இருக்கு? யாரும் எட்டிக்கூடப் பார்க்கல்லையோ?"

மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.