வாய்க்காரித் தூளைப் பதிந்த கதை

“…அப்ப இனி நான் வாயைத் திறக்கலாமோ, இல்லாட்டி இன்னும் பொத்திக்கொண்டுதான் இருக்கவேணுமோ? முதல் அதைச் சொல்லும் தம்பி!”

தவமணியக்கா என் கடைக் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு கேட்டா. கொழும்புக் கந்தோரில் இருந்து வந்த ட்ரேட் மார்க் சான்றிதழ் மேசையில் கிடந்தது. அவா அதைப் பார்க்கவேயில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

நான் சட்டம் படித்தவன் இல்லை. கிளிநொச்சியில் லேபல் அடித்துக் கொடுக்கிற கடை என்னுடையது. வந்தவர்கள் எல்லாரும் “இந்தப் பேரை வேற ஆரும் எடுக்காமல் என்ன செய்யிறது?” என்று கேட்கக் கேட்க, அங்கே இங்கே விசாரித்து, வாசித்து, விண்ணப்பம் நிரப்பப் பழகிக்கொண்டேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே ஆட்களின் கதைதான். கருவாட்டுக்குப் பெயர் பதிய வந்த கொக்கிளாய் ஐயா ஒருவருக்கு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வகுப்பு உண்டு, உங்களுடையது இருபத்தொன்பது என்று விளக்கினேன். “நான் அஞ்சாம் வகுப்போட நிண்டனான். என்ர கருவாடு எங்கயோ போயிட்டுது!” என்றார்.

தவமணியக்காவின் தூள் முப்பதாம் வகுப்பு. முரசுமோட்டையில் மிளகாய் வறுத்து, தன் மில்லிலேயே அரைத்து விற்கிறவா. லேபலில் இருந்த பெயர் ‘முரசுமோட்டை மிளகாய்த்தூள்’. அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் வாங்கியதில்லை. உறைப்பைக் குறைத்துத் தரச் சொன்னால், “உறைப்பு வேண்டாமெண்டால் சீனியை வாங்குங்கோவன், என்ர நேரத்தை ஏன் தின்னுறியள்?” என்று ஏசுவா. பரந்தன் கடைகளில்கூட ‘வாய்க்காரித் தூள்’ என்றுதான் கேட்பார்கள். அக்காவுக்கு அந்தப் பெயர் காதில் விழுந்தாலே பத்திக்கொண்டு வரும்.

ஒருநாள் நெளுக்குளத்தில் இருந்து ஒரு பெண் பைக்கற்றோடு மில்லுக்கு வந்து, “அக்கா, உங்கட தூளை வாயில வைக்கேலாது, மரத்தூள் மாதிரி” என்று முறையிட்டிருக்கிறா. பைக்கற்றில் ஆவென்று வாய் திறந்த பெண்ணின் படம். கீழே ‘வாய்க்காரித் தூள்’. அடித்து விற்றவர் வவுனியா முதலாளி ஒருவர். தூள் பழுதாகிவிட்டதென்று இரண்டு மூன்று கடைக்காரர் அக்காவிடம் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள்.

அக்கா பொரிந்துகொண்டு வந்தா. “நான் பி.ஆர். எடுத்து, பிரேம் போட்டுச் சுவரில மாட்டியிருக்கிறன். அவன் எப்பிடி அடிப்பான்?”

இங்கே எல்லாரும் விடுகிற பிழை இது. பி.ஆர். என்பது நீங்கள் இந்தப் பெயரில் வியாபாரம் செய்கிறீர்கள் என்ற பதிவு மட்டும். பொருளின் பெயரைக் காக்க ட்ரேட் மார்க் வேறாகப் பதியவேண்டும். அதிலும் ‘முரசுமோட்டை’ ஊரின் பெயர், ‘மிளகாய்த்தூள்’ பொருளின் பெயர். அவற்றை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள்.

“அப்ப எதைத்தான் பதியலாம்?”

“வாய்க்காரியைப் பதியலாம் அக்கா.”

“என்ன? என்னை வாய்க்காரி எண்டு நானே எழுதிக் கையெழுத்து வைக்கிறதோ? உமக்குக் கொழுப்பு!”

“ஊர் உங்களுக்குத்தானே அந்தப் பேரைத் தந்தது? நீங்கள் வேண்டாமெண்டால் வவுனியாக்காரர் எடுத்திடுவார்.”

அதற்குத்தான் அசைந்தா.

முதலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று கொழும்புக் கந்தோரைத் தேடிப் பார்க்கக் கேட்டோம். அந்தப் பெயருக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்று பதில் வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. தமிழ்ச் சொல் என்றால் விண்ணப்பத்தில் அதன் கருத்தை ஆங்கிலத்திலும் எழுதவேண்டும். ‘வாயுள்ள பெண்’ என்று போடலாமா என்றேன். “வாயில்லாத பொம்பிளை எங்க இருக்கிறா? ‘மனசில பட்டதைச் சொல்லுறவா’ எண்டு போடும்” என்றா. அப்படியே போட்டேன்.

பிறகுதான் கடினமான நிபந்தனையைச் சொன்னேன். “பதிவு முடியும்வரை அந்த முதலாளியோட ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது.” விண்ணப்பம் போகுமுன் ஏசினால் அவர் ஓடிப்போய் முந்திக்கொள்ளலாம். பெயர் அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தலாக வந்தபின் ஏசினால் வீம்புக்கு எதிர்ப்புக் கொடுக்கலாம். அதற்கு மூன்று மாதம் இடம் இருக்கிறது. கொடுத்தால் எவ்வளவு காலம் இழுபடுமென்று சொல்லமுடியாது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான்: விண்ணப்பம் முதல், சண்டை பிறகு.

ஏசாமல் இருப்பது அக்காவுக்குப் பட்டினி கிடப்பது மாதிரி. ஒரு கல்யாண வீட்டில் அந்த முதலாளியே பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து, “என்னக்கா, வியாபாரம் எப்பிடிப் போகுது?” என்று கேட்டாராம். அக்கா ஒரு முழு வடையை வாய்க்குள் தள்ளிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாவாம். “அந்த வடை எனக்கு இன்னும் செமிக்கேல்லைத் தம்பி” என்றா.

மூன்று மாதமும் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் கழிந்தது. இப்போது சான்றிதழும் வந்துவிட்டது.

“திறக்கலாம் அக்கா” என்றேன். “தூளில இனி அந்தப் பேர் உங்களுக்கு மட்டும்தான். ஆனால் முதல்ல கடிதம் ஒண்டு எழுதுவம், அதுதான் முறை…”

அவா போனை எடுத்துவிட்டா. வவுனியா முதலாளியின் பைக்கற்றில் அடித்திருந்த நம்பரைப் பாராமலே அழுத்தினா. ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்டுவிடும் என்று நான் எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினேன். அக்கா சீலையைச் சரிசெய்து, கதிரையில் நிமிர்ந்து இருந்து, வீட்டுக்கு வந்தவரை உள்ளே கூப்பிடுகிற குரலில் சொன்னா:

“வணக்கம் முதலாளி. நான் வாய்க்காரி கதைக்கிறன்.”