பதினொன்றாவது பெயில்

செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்கு ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கிளீனராக இருந்தேன். அறுபதுகளில். பஸ்ஸைக் கழுவுவேன். மல்லாட்டை மூட்டைகளை, எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர், ஏணி வழியாக மேலே ஏற்றுவேன், இறக்குவேன். ஒரு மழை நாளில் ஏணி வழுக்கி விழுந்தேன். வலது தோள் இறங்கிவிட்டது. கட்டுப் போட்டுக் கூடியது. ஆனால் மூட்டை தூக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. டிரைவர் கண்டுபிடித்துவிட்டார்.

அந்தச் சமயம் பழைய கண்டக்டர் வேலையை விட்டுப் போனார்.

"போயி கேளுடா. டிக்கெட் கிழிக்கத் தோளு வேணாம்" என்றார் டிரைவர்.

போனேன். மேனேஜர் எதுவரைக்கும் படித்தாய் என்று கேட்டார். ஏழாவது என்றேன். ஏழாவதில் நைனா செத்தார், அதோடு சரி. அதை அவரிடம் சொல்லவில்லை.

"கண்டக்டருக்கு எஸ்.எஸ்.எல்.சி. வேணும்பா. பாஸ்கூட வேணாம். பெயிலு போதும்."

அப்போது அது பதினொன்றாவது. பெயிலானதும் ஒரு படிப்புதான். எங்கள் தெருவில் மாப்பிள்ளை வீட்டார் 'எஸ்.எஸ்.எல்.சி. பெயில்' என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். பெண் வீட்டாரும் தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தேன்.

"இன்னா சொன்னாரு?" என்றாள் மனைவி.

சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டே யோசித்தாள்.

"பெயிலுதான கேக்கறாங்க. போயி எழுதி பெயிலாயிட்டு வாயேன்."

அவள் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. எனக்கும் சரியாகத்தான் பட்டது.

மறுநாள் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன். வெளியே இருந்த பியூன் என்ன வேலையாக வந்தாய் என்றான். தலைமையாசிரியரிடம்தான் சொல்லுவேன் என்றேன். அவனே உள்ளே கூட்டிப் போனான்.

"பதினொண்ணாவது பரீட்சை எழுதணும் சார். பெயிலானா போதும்."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பியூன்தான் சிரித்தான்.

"இங்க பாஸ் பண்ண முடியாமத்தான் பெயிலாவறானுங்க. நீ கேட்டு வாங்க வந்திருக்கியா?"

"நீ சும்மா இரு" என்று அவனை அடக்கினார் அவர். எதற்கு என்று என்னைக் கேட்டார். தோளைச் சொன்னேன். வேலையைச் சொன்னேன். ஏழாவதோடு நின்றதையும் சொன்னேன்.

"ஏழாவதோட நின்னுட்டேன்னு சொல்ற. முதல்ல எட்டாவது பாஸ் பண்ணணும். அப்புறம் ஒம்போது, பத்து, பதினொண்ணு மூணும் இங்க வந்து உக்காந்து படிக்கணும். அதுக்கப்புறம்தான் பெயிலாக முடியும்."

"எனக்கு ரெண்டு புள்ளைங்க சார்."

"தெரியுதுப்பா."

பியூனைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். குடித்தேன். கும்பிட்டுவிட்டு வந்தேன். மைதானத்தில் பையன்கள் டிரில் செய்துகொண்டிருந்தார்கள். கோட்டை மலைமேல் வெயில் ஏறியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

தொண்டூரிலிருந்து ஒரு பையன் கண்டக்டராக வந்தான். எஸ்.எஸ்.எல்.சி. பெயில்.

"எதுல தம்பி பெயிலு?" என்றார் டிரைவர்.

"கணக்குல அண்ணே."

"நல்லதாப் போச்சு. காசுப்பைய மாட்டிக்க."

நானும் சிரித்தேன். நல்ல பையன். நான் ஏணியில் பாதி வழியில் மூட்டையோடு நின்றதைப் பார்த்து, பையைக் கழற்றி டிரைவர் சீட்டில் வைத்துவிட்டு, மேலே ஏறி இழுத்தான். நாலைந்து நாள் அப்படி ஓடியது. ஒரு நாள் மேனேஜர் பார்த்துவிட்டார்.

"கண்டக்டர் மூட்டை தூக்கினா டிக்கெட்ட யாரு போடறது?" என்று மட்டும் கேட்டார். நான் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டேன். கிளீனர் வேலை அதோடு போயிற்று.

டிரைவர் போய்ப் பேசினார். பஸ் ஸ்டாண்டில் நின்று ஆள் கூப்பிடுகிற வேலை கொடுத்தார்கள். அதற்குப் படிப்பு கேட்கவில்லை. வெயிலில் நின்று திண்டிவனம், திண்டிவனம் என்று கத்துவேன். ஆள் ஏறியதும் அந்தப் பையன் விசில் ஊதுவான். பஸ் போகும். நான் அடுத்ததுக்கு நிற்பேன்.

மனைவி அதன்பிறகு பரீட்சைப் பேச்சை எடுக்கவில்லை. சாயங்காலம் நான் வந்ததும் மிளகு தட்டிப் போட்டு வெந்நீர் வைப்பாள். தொண்டைக்கு.