வளையல் போட்ட குதிரை

எங்கள் குதிரைக்கு வயசாகிவிட்டது. செஞ்சி வட்டாரத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் அதைத்தான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரே பிழைப்பும் அதுதான். புதுக் குதிரை வாங்க எங்களுக்கு ஏது வக்கு? இது ஒரு குட்டி போட்டால்தான் உண்டு. அதனால் சீயமங்கலம் பக்கம் ஓர் ஆண் குதிரையிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார்.

அடுத்த மாதம் செஞ்சியில் மாட்டு டாக்டர் ஸ்கேன் பார்த்தார். திரையில் துளியூண்டாக என்னவோ துடித்தது. இவர் அங்கேயே அழுதுவிட்டார், மானத்தை வாங்குகிற மனுஷன்.

"இப்பவே நம்பிடாதீங்க. குதிரைக்கு நடுவுல கலைஞ்சிடும், மறுபடி கூட்டியாங்க" என்றார் டாக்டர்.

மறுபடி போனபோது மிஷின் ரிப்பேர். ரத்தம் எடுத்து அனுப்பினார். சினைதான் என்று வந்தது. "இருந்தாலும் அப்புறமா ஒரு தபா ஸ்கேன்ல பாத்துடணும்" என்றார். குதிரையும் பருவத்துக்கு வரவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

ஏழாம் மாதம் வளையல் போட்டோம். சிரிக்காதீர்கள், எங்கள் தெருவில் பசுவுக்கே போட்டிருக்கிறோம். கண்ணாடி வளையல்களைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டி, நலங்கு வைத்து, புளிசோறும் தயிர்சோறும் கிளறித் தெருவுக்கே போட்டோம். ஸ்கேன் பாக்கி இருக்கிறதே என்றேன். மாமியார் குதித்தார்.

"வளையல் போட்டு அம்மா வூட்டுக்கு வந்துட்ட பொண்ண, அப்புறம் ஊர் எல்ல தாண்ட வுடுவியா? வாயில்லா ஜீவன்னா மட்டும் வண்டியில ஏத்திக்கினு போவியா?"

இவரும் தலையாட்டினார். குதிரை கட்டுத்தறியை விட்டு நகரவில்லை. வயிறு நன்றாகத்தான் பெருத்தது. வேலையில்லாமல் தின்றால் யாருக்குத்தான் பெருக்காது?

பதினோரு மாதம் தாண்டியும் மடி இறங்கவில்லை. டாக்டரையே மிஷினோடு வரவழைத்தோம். நெடுநேரம் பார்த்தார்.

"உள்ள ஒண்ணும் இல்லம்மா."

"இன்னொரு தபா பாருங்க சார்" என்றார் இவர். பார்த்தார். இல்லை.

"ரத்தத்துல இருக்குதுன்னு வந்துச்சே?" என்று கேட்டேன்.

"மொத ஸ்கேன்ல இருந்தது நெசம்தான். ஆனா குதிரைக்குக் குட்டி செத்தாலும், கர்ப்பப்பை கொஞ்ச நாளைக்கு இருக்குதுன்னே ரத்தத்துல காட்டிக்கிட்டு இருக்கும். பருவத்துக்கும் வராது. ரத்தம் எடுத்தப்பவே போயிருக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? மிஷினையா, ரத்தத்தையா, மாமியாரையா?

"மறுபடி சேத்துப் பாக்கலாமா சார்?" என்றார் இவர்.

"இந்த வயசுல தாங்காதுப்பா, வேணாம்."

அடுத்த முகூர்த்தத்துக்குச் செஞ்சியில் ஓர் ஊர்வலம் வந்தது. நானும் கூடப் போனேன். மாதக்கணக்கில் நடக்காத கால், கடைத்தெரு வருவதற்குள் குதிரை முட்டி மடங்கிச் சரிந்தது. மாப்பிள்ளையைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றிக்கொண்டார்கள். பேண்டுக்காரர்கள் காரின் முன்னால் வாசித்துக்கொண்டு போனார்கள். இவர் குதிரையைத் தூக்கி நிறுத்தி, அதன் முட்டியைத் துண்டால் துடைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார். அதற்கப்புறம் எங்களை யாரும் கூப்பிடவில்லை.