பத்தொன்பது பொயின்ட்

இருபது வருடமாகக் கணக்குப் படிப்பிக்கிறேன். ஆனாலும் செங்கலடி ஊரில் வீடு கட்டியபோது, என் வீட்டில் எத்தனை பொயின்ட் என்பதை என்னால் எண்ண முடியவில்லை.

"பொயின்டுக்கு ரெண்டாயிரம் சேர். வயரு, சாமான் எல்லாம் உங்கட" என்றார் ஏறாவூரிலிருந்து வந்த வயரிங்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன். எல்லாம் விளங்கியவன்போலத் தலையாட்டினேன். பல்ப் எட்டு, ஃபேன் மூன்று, பிளக் ஆறு, பெல் ஒன்று. பதினெட்டு என்று நான் எழுதிவைத்திருந்தேன். அவர் நீலச் சோக்கட்டியால் சுவரெல்லாம் குறி போட்டுவிட்டு வந்து இருபத்திநாலு என்றார்.

"பொயின்ட் எண்டா என்ன நானா?"

"கரண்ட் போய் நிக்கிற இடம் சேர்."

"அப்ப சுவிட்ச்?"

"அது போற வழி. ஆனா ஒரு லைட்டுக்கு ரெண்டு சுவிட்ச் போட்டா, ரெண்டாவது ஒரு பொயின்ட்."

வழி எப்படி இடமானது என்று எனக்குப் பிடிபடவில்லை. பாடசாலையில் விசாரித்தேன். பல்பும் சுவிட்சும் சேர்ந்துதான் ஒன்று என்றார் ஒருவர். தன் வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கில் கொடுத்ததாகச் சொன்னார் இன்னொருவர். சாமான் வாங்கிய கடைக்காரரோ, "அது ஆளப் பொறுத்தது சேர்" என்று முடித்துவிட்டார். கேட்கக் கேட்கக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

எனக்குத் திட்டமாகத் தெரிந்தது ஒன்றுதான். கையில் முப்பத்தெட்டாயிரம் இருந்தது. அது பத்தொன்பதுக்குத்தான் காணும். ஹோல் ஃபேனை வெட்டினேன், இரண்டு பிளக்கை வெட்டினேன், பெல்லையும் வெட்டினேன். இன்னும் ஒன்றை வெட்டவேண்டியிருந்தது.

மிஞ்சியது அம்மாவின் அறை லைட்டுக்குக் கட்டில் தலைமாட்டில் வரவிருந்த இரண்டாவது சுவிட்ச். பாரிசவாதம் வந்த பிறகு அம்மாவுக்கு இடது கால் வழங்காது. புது வீட்டில் அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். "ஒவ்வொருக்காவும் உன்னக் கூப்பிடாம நானே லைட்டப் போட்டுக்குவன், மனே" என்றிருந்தார். கூப்பிட்டால்தான் என்ன, நான் வரமாட்டேனா என்று எனக்குள்ளே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

"அதையும் விடுங்க நானா."

அன்று வீடு பார்க்க ஓட்டோவில் வந்திருந்த அம்மா, கதவருகே கதிரையில் இருந்தார். நான் அதை மறந்தே போனேன். "ஓம், ஓம், அது வேணாம். எனக்கென்னத்துக்கு?" என்று அவசரமாகச் சொன்னார். நானா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உள்ளங்கையால் நீலக் குறியைத் துடைத்துவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நாங்கள் குடிவந்த மறுநாள் நானா கணக்குத் துண்டோடு வந்தார். பத்தொன்பது என்று எழுதியிருந்தது. ஏமாந்துவிடக் கூடாதென்று அறை அறையாகப் போய், அவர் சொல்லித்தந்த முறைப்படியே எண்ணினேன். இருபது வந்தது. திரும்ப எண்ணினேன். இருபதேதான். கூடுதலாக இருந்தது அம்மாவின் அறையில், தலையணை உயரத்தில்.

"வேணாமெண்டு சொன்னத ஏன் போட்டீங்க?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"துண்டுல இருக்கா சேர்?"

"இல்ல."

"அப்ப அது பொயின்ட் இல்ல. வேற வேலையில மிஞ்சின சாமான். மறுகா வாறன் சேர்" என்று காசை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

இரண்டாயிரத்தைக் கடன் வாங்கியாவது கொடுப்பதா, கொடுத்தால் அவர் மனம் நோகுமா, கொடுக்காவிட்டால் நான் என்ன மனிதன்? கையில் துண்டோடு குழம்பிப்போய் நின்றேன். அறைக்குள் டிக், டிக் என்று சத்தம் கேட்டது. பட்டப்பகலில் அம்மா லைட்டைப் போட்டும் நூர்த்தும் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

"காசு கூடிப்போச்சா மனே? கூடிப்போச்செண்டா கழட்டச் சொல்லு" என்றார். விரலை மட்டும் சுவிட்சிலிருந்து எடுக்கவில்லை.