"வலது பக்கம் படு பேட்டா..."

சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. அதுவும் பட்டப்பகலில் நடந்தது. ராத்திரியாக இருந்திருந்தால் கனவென்று நானே ஒதுக்கியிருப்பேன்.

2003. என் பெயர் தபஸ்ஸும், ஊர் பேரணாம்பட்டு. என் தம்பி உசாமாவுக்குப் பிறவியிலேயே நெஞ்சு உள்வாங்கியிருந்தது. ஒரு கிண்ணம் வைக்கலாம், அவ்வளவு குழி. பதினாறு வயதில் மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். நெஞ்சைப் பிளக்கவில்லை. இரண்டு விலாவிலும் சின்ன ஓட்டை போட்டு, கேமராவில் பார்த்தபடி வளைந்த ஸ்டீல் கம்பி ஒன்றை உள்ளே செலுத்தி, நெஞ்செலும்பை முன்னால் தூக்கிவிட்டார்கள்.

டாக்டர் என்னிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "மல்லாக்கத்தான் படுக்கணும். ஒருக்களிச்சா கம்பி புரண்டுடும்மா. பின்னாடியே இதயம் இருக்கு."

இரண்டு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்துக் காவல் இருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் டிபன் பாக்ஸ் கழுவப் போய் வந்தேன். வலது பக்கத் தலையணை தரையில் கிடந்தது. உசாமா அந்தப் பக்கமாகச் சாய்ந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அலறியடித்து சிஸ்டர் ஹெப்சியைக் கூப்பிட்டேன். இருவருமாக அவனை நேராக்கினோம். எக்ஸ்ரேயில் கம்பி கொஞ்சம் நகர்ந்திருந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

எனக்கு எங்கள் அம்மா மேல்தான் சந்தேகம். அம்மி என்று கூப்பிடுவோம்; அவளும் எங்களோடு ஆஸ்பத்திரியில்தான் தங்கியிருந்தாள். வலது பக்கம் சாய்ந்து படுப்பதுதான் எங்கள் வீடுகளில் முறை. சின்ன வயதில் நாங்கள் தூங்கிய பிறகும் அம்மி வந்து எங்களைப் புரட்டிவிட்டுப் போவாள்.

"நீதானே திருப்புன?"

"அல்லா மேல ஆணை, நான் தொடவே இல்லடி. கேன்டீன்ல இருந்தேன்."

நம்பவில்லை. அன்று சாயங்காலமே பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டேன். பாவம், அழுதுகொண்டே போனாள்.

மறுநாள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். மணி மூன்று. வார்டே தூங்கியது. அறைக் கதவைச் சாத்தியிருந்தேன்.

சர்ர்ர்...

தலையணை நகர்ந்தது. யாரோ நுனியைப் பிடித்து இழுப்பதுபோல மெல்ல மெல்ல... தொப்பென்று கீழே விழுந்தது.

"ஆபா..." உசாமா முனகினான். அக்காவை அப்படித்தான் கூப்பிடுவான். "அந்தம்மாவ போகச் சொல்லு. கை ஜில்லுனு இருக்கு."

"எந்தம்மா?"

அவன் இடது தோள் மேலே எழும்பியது. தானாக... கைக்குழந்தையைப் புரட்டுவதுபோல, அவ்வளவு பதமாக.

பாய்ந்து தோளை அழுத்தினேன்.

என் கைக்கடியில் இன்னொரு கை.

ஐஸ்.

காதோரம் ஒரு பெண் குரல், பெற்ற மகனைக் கொஞ்சுவதுபோல... "வலது பக்கம் படு பேட்டா..."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "விடுடீ! வலது பக்கம் திருப்புனா கம்பி இதயத்தக் கிழிச்சிடும்! உன் கையாலயே புள்ளயக் கொன்னுடுவே!"

கை விட்டது.

யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்... அது வெளியே வரவே இல்லை.

ஹெப்சி ஓடிவந்தார். தரையில் கிடந்த தலையணையைப் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடனே வேறு அறைக்கு மாற்றிவிட்டார். அதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது.

உசாமா பிழைத்தான். இரண்டு வருடம் கழித்துக் கம்பியை எடுக்கப் போனபோது ஹெப்சியைப் பிடித்துக்கொண்டேன். "உண்மையச் சொல்லுங்க. அந்த ரூம்ல யாரு?"

என்னை வராந்தா ஓரமாகக் கூட்டிப்போனார். "அஃப்ஸர் ஜஹான்னு ஆம்பூர்க்காரங்க. நீங்க வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, அதே ரூம்ல, அவங்க பையனுக்கும் இதே ஆபரேஷன். தூக்கம் வராம அழுதான்னு, ஆசையா வலது பக்கம் திருப்பிப் படுக்க வெச்சாங்க. கம்பி புரண்டு... அன்னிக்கே போய்ட்டான்."

"அந்தம்மா?"

"ஒரு வருஷத்துல அவங்களும் போய்ட்டாங்க. ஆனா புள்ள எதனால செத்தான்னு கடைசி வரைக்கும் அவங்களுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா தாங்க மாட்டாங்கன்னு அவங்க வீட்டுக்காரர் டாக்டர் கால்ல விழுந்து கெஞ்சினார். நாங்க யாருமே சொல்லல."

யாருமே சொல்லாததை, அவள் கைமேல் கை வைத்துக்கொண்டு, நான் சொல்லியிருக்கிறேன்.