மீன் யாருக்கு?

மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடும் எனக்கு ஜாஸ் கிட்டார் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு, என் வயதில் பாதிகூட இருக்காது. ஒல்லி உருவம், பெரிய கண்ணாடி. நான் வாசிக்கும்போது ஜன்னலைப் பார்த்தபடி மக்ரூன் தின்பார். தப்பு வந்தால் மெல்லுவது நிற்கும். என் வகுப்பில் ஒரு மக்ரூன் தீர ஒரு மணி நேரம் ஆகும்.

மெட்டையும் அதற்குத் துணையாகச் சேர்ந்தொலிக்கும் கார்டையும் ஒரே கிட்டாரில் சேர்த்து வாசிக்க எப்படியோ தேறிவிட்டேன். மனம்போன போக்கில் புதிதாக வாசிக்கத்தான் கை ஓடவில்லை. அன்றைய வகுப்பிலும் அது வராவிட்டால் கிட்டாரை விற்றுவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் வாங்க ஆளே பார்த்துவிட்டாள்.

"எழுதிக் குடுத்தா வாசிச்சிருவேன் டீச்சர்."

"அண்ணாச்சி, ஏலத்தை எழுதி வச்சா விடுதீங்க?"

"அது வாயில தானா வரும்."

"அப்ப இங்கன விடுங்க. நான் கார்ட் பிடிக்கேன்."

வெட்கத்தை விட்டு ஒரு கூடை விளமீனை ஏலம் விட்டேன். குரல் படிப்படியாக ஏறியது. ஆள் தயங்கும் இடத்தில் நின்று, மறுபடி ஏறியது.

"இப்ப வாயை மூடிட்டு அதையே கம்பியில விடுங்க."

விட்டேன். விரல்கள் என்னைக் கேட்காமலே ஓடின. மூச்சு முட்டித்தான் நிறுத்தினேன்.

டீச்சர் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் சரி. மீன் யாருக்கு?"

ஏலத்தை முடிக்காமல் விட்டது அப்போதுதான் உறைத்தது. கடைசிக் கார்டை ஓங்கி அடித்தேன்.

"ம், கடைசியா கேட்டவருக்கே குடுத்துருங்க."

வீட்டுக்கு வந்து, கிட்டார் வாங்க வந்தவருக்குக் காப்பி மட்டும் கொடுத்து அனுப்பினேன். டீச்சரை ஏலக்கூடத்தில் ஒருநாளும் கண்டதில்லை. மீன் கை மாறாத ஏலம் அவர் காதில் எப்படி விழுந்ததோ, தெரியவில்லை.