ரயிலுக்கு அடைத்த ஜன்னல்

ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். மும்பை மாட்டுங்காவில் தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் வீட்டில், ரயில் வந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்துவோம். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். திருநெல்வேலியிலிருந்து வந்த என் தங்கை பயந்துபோய், "ஏக்கா, அத்தான் கோவிச்சிட்டாவளா?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு விக்ரோலிப் பட்டறையில் ராத்திரி ஷிப்ட். பகலில்தான் தூங்க வேண்டும். பிரஷர் ஏறியபோது, தூக்கம் இல்லாவிட்டால் மருந்து கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்லூரியில் படிக்கும் மகள் செல்விதான் போனைக் கட்டில்மேல் வைத்து ஒரு ஆப்பில் சத்தத்தை அளந்தாள். ஒவ்வொரு ரயிலுக்கும் திரை சிவந்தது. பிறகு லேப்டாப்பில் வேறொரு மென்பொருள். அறையின் நீள அகலம், ஜன்னல், தண்டவாளத்தின் தூரம் எல்லாம் கொடுத்தால், எதை மாற்றினால் சத்தம் எவ்வளவு குறையும் என்று சொல்லுமாம். சுவரைவிட ஜன்னல் இடுக்கு வழியாகத்தான் அதிகம் வருகிறது என்றது. இடுக்கை அடைத்து இரட்டைக் கண்ணாடி போட்டோம். திரை பச்சையானது. மனுஷன் அன்று மத்தியானம் குறட்டை விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜன்னல் மூடியே கிடந்ததில் பக்கத்து வீட்டு மராட்டிக்காரிக்கு வருத்தம். "க்யா ஹுவா பாபி, ஹம்ஸே நாராஸ் ஹோ?" என்றாள். கோபமெல்லாம் இல்லை என்று விளக்க, செல்வியின் போனில் பச்சைத் திரையைக் காட்டினேன். அவள் அதை வீட்டுக்காரரின் பிரஷர் என்று நினைத்து, "நார்மல் ஹை, அச்சா ஹை" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் வினை. "நாம ஊருக்கு..." என்று அவர் முன்பும் எத்தனையோ தடவை ஆரம்பித்திருக்கிறார். ரயில் வரும். அது போவதற்குள் நான் சோற்றைப் போட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமையும் ரயில் போனது, ஆனால் அதன் சத்தம் குறுக்கே வரவில்லை.

"ஏட்டி, நாம ஊருக்கே போயிருவமா? கண்ணாடிய அடச்சிட்டுத்தான் தூங்கணும்னா, இங்க எதுக்கு இருக்கணும்?"

செல்வி சட்டென்று எழுந்தாள். "முஜே நஹி ஜானா, பப்பா. நான் வரல. அங்க எனக்கு யாரத் தெரியும்?"

அவர் என்னையே பார்த்தார். "நீ சொல்லு."

ராத்திரி ஷிப்டை விட்டு அங்கே போனால்தான் அவர் உடம்பு தேறும். இவள் இந்த ஊரில் பிறந்தவள், இவளை எப்படி விட்டுப் போவேன்? யாரைப் பார்த்துப் பேசுவது என்றே தெரியவில்லை.

"நீங்க முன்னால போங்க. நான் பெறவு வாறேன்" என்றேன்.

எப்போது என்று அவர் கேட்கவில்லை. அவ்வளவு அமைதியான அறையில், நான் சொன்னது பொய் என்று எங்கள் மூன்று பேருக்குமே நன்றாகக் கேட்டது.